நிற்கும் வண்டி குடிக்கும் டீசல்: நாவா சேவா துறைமுகமும் பல்கலைக்கழகத்தின் வேலையும்

2022இல், நவி மும்பையை ஒட்டிய நாவா சேவாவின் ஜவஹர்லால் நேரு துறைமுக ஆணையம், சொந்தமாக நடத்திவந்த கன்டெய்னர் முனையத்தை 30 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு தனியார் கூட்டணியிடம் கொடுத்தது. நாட்டின் பெருந்துறைமுகங்களில் முழுமையாக நிலவுடைமை முறைக்கு மாறிய முதல் துறைமுகம் என்ற பெயரும் அதனுடன் வந்தது. நிலமும் கப்பல் வரும் கால்வாயும் ஆணையத்துக்கு. கிரேன், யார்டு, வண்டி எல்லாம் குத்தகை எடுத்தவர்களுக்கு. கரிமக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சொட்டு டீசல்கூட மிச்சமாகவில்லை, ஆனால் ஆணையத்தின் ‘சொந்த’ உமிழ்வு தாளில் இறங்கிவிட்டது. கிரேன் வேறொருவர் பேரேட்டுக்குப் போனது. புகை மட்டும் முன்போலவே பக்கத்து ஊரான உரணின் காற்றில் கலந்தது.

துறைமுகத்தின் கரிம உமிழ்வைக் குறைப்பது பற்றி யார் பேசினாலும் முதலில் இதைக் கேட்க வேண்டும்: எந்தத் துறைமுகம், யாருடைய டீசல்? தொழில் நிறுவனமும் பல்கலைக்கழகமும் கைகோப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் ஹைட்ரஜன், பேட்டரி, சூரியத் தகடு என்று கருவிகளில் தொடங்கிக் கருவிகளிலேயே முடிகிறது. நாவா சேவாவை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய சேமிப்பு வேறிடத்தில் தெரிகிறது. அதைப் பிடித்துக் கொடுக்கக்கூடிய தகுதி பல்கலைக்கழகத்துக்குத்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

துறைமுகத்தின் உருவம்

மும்பைத் துறைமுகத்தின் நெரிசலைக் குறைக்க 1989 மே மாதம் திறக்கப்பட்டது இது. இன்று ஐந்து பெரிய கன்டெய்னர் முனையங்கள். துபாய், டென்மார்க், சிங்கப்பூர், பிரான்ஸ் என்று நாலு திசை முதலீடும் அங்கே நிற்கிறது. 2024-25இல் கையாண்டது, இருபதடிப் பெட்டிக் கணக்கில், சுமார் 73 லட்சம். 2025 செப்டம்பரில் சிங்கப்பூர் நிறுவனத்தின் முனையம் இரண்டாம் கட்டத்தைத் திறந்ததும் துறைமுகத்தின் கொள்திறன் ஒரு கோடிப் பெட்டியைத் தாண்டியது.

நேருல், வாசி, பன்வெல் பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் கஸ்டம்ஸ் ஏஜென்சி, ஷிப்பிங் லைன், கிடங்கு வேலை பார்ப்பவர்கள் ஏராளம். நாமக்கல், சங்ககிரி டிரெய்லர்கள் சாலையில் தினமும் தென்படும். ஆகவே இங்கே இது கருத்தரங்கப் பொருள் இல்லை, “இன்னைக்கு கட்-ஆஃபுக்குள்ள பெட்டி உள்ளே போயிடுச்சா?” என்று சாப்பாட்டு நேரத்தில் போனில் கேட்கிற விஷயம்.

அரசின் இலக்கு 2023 மே மாதம் வெளியான ‘ஹரித் சாகர்’ வழிகாட்டுதலில் இருக்கிறது. ஒரு டன் சரக்குக்கு ஆகும் கரிம உமிழ்வை 2030க்குள் 30 விழுக்காடும் 2047க்குள் 70 விழுக்காடும் குறைக்க வேண்டும். ‘ஒரு டன்னுக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2019-20இல் நாவா சேவா கையாண்டது சுமார் 50.3 லட்சம் பெட்டி. ஐந்தாண்டில் அது 45 விழுக்காடு வளர்ந்திருக்கிறது. பெட்டிக்கு 30 விழுக்காடு குறைத்து, பெட்டிகளை 45 விழுக்காடு கூட்டினால் 1.45ஐ 0.7ஆல் பெருக்க வேண்டும். விடை 1.015. இலக்கை எட்டிய விழாவும் நடக்கும், காற்றில் சேரும் கரியமில வாயு இம்மியும் குறையாமலும் இருக்கும். இலக்கு தவறு என்று சொல்லவில்லை. வளரும் துறைமுகத்துக்கு வேறு எப்படி இலக்கு வைப்பது? ஆனால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் துறைமுகத்தின் விளம்பரப் பிரிவாக இருக்க முடியாது.

கரை மின்சாரக் கணக்கு

கப்பல் பெர்த்தில், அதாவது கரையோர நிறுத்துமிடத்தில், கட்டியதும் பிரதான இயந்திரம் ஓய்ந்துவிடும். விளக்கு, பம்பு, சமையல், குளிர்பெட்டி ஆகியவற்றுக்காகத் துணை ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கேபிள் கொடுப்பதுதான் கரை மின்சாரம். கேட்பதற்கு இதைவிட நல்ல யோசனை இல்லை.

கணக்குப் போடுவோம். ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் பெர்த்தில் சராசரியாக 1.5 மெகாவாட் இழுக்கிறது, 24 மணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் 36,000 யூனிட். கப்பலின் துணை ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 220 கிராம் எரிபொருள் குடிக்கும். ஒரு கிலோ கப்பல் டீசல் எரிந்தால் சுமார் 3.2 கிலோ கரியமில வாயு. அதாவது யூனிட்டுக்கு 0.7 கிலோ; ஒரு நாளைக்கு 25 டன்.

இப்போது கேபிளைச் செருகுங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி 2023-24இல் நம் மின்தொகுப்பின் சராசரி யூனிட்டுக்கு 0.727 கிலோ. அதே 36,000 யூனிட்டுக்கு 26 டன். கம்பி வழி இழப்பு தனி. பல கப்பல்கள் 60 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன, நம்முடையது 50 ஹெர்ட்ஸ்; இடையில் வைக்க வேண்டிய அதிர்வெண் மாற்றி விழுங்குவதும் தனி. கோடிக்கணக்கில் செலவழித்துக் கேபிள் போட்டபின், புகை நாவா சேவாவிலிருந்து சந்திரபூர் அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறுகிறது. எடை கொஞ்சம் கூடவும் செய்கிறது.

ஸ்வீடனின் கோதன்பர்க் 2000ஆம் ஆண்டிலேயே சரக்குக் கப்பல்களுக்கு உயர் அழுத்தக் கரை மின்சாரம் கொடுத்தது. அவர்களுடைய மின்சாரம் பெரும்பாலும் நீரிலிருந்தும் அணுவிலிருந்தும் வருவது. செருகிய நொடியில் அவர்களுக்குக் கரிமம் குறையும். அந்த முடிவை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது.

அதற்காகக் கரை மின்சாரம் வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். கந்தகமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகளும் பெர்த் அருகே குறையும். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் நுரையீரலுக்கு அது உடனடி லாபம். மின்சாரமே காற்றாலை, சூரிய ஒப்பந்தத்திலிருந்து வந்தால் கரிமமும் குறையும். 2022இன் பசுமைத் திறந்த அணுகல் விதிகள் 100 கிலோவாட் தேவை உள்ளவர்களையும் அப்படி வாங்க அனுமதிக்கின்றன. ஆனால் கப்பல் இரவிலும் நிற்கும், சூரியன் நிற்காது. ஆண்டுக் கணக்கில் ‘நூறு விழுக்காடு பசுமை’ என்று சான்றிதழ் வாங்குவது ஒன்று. இரவு 2 மணிக்கு அந்தக் கேபிளில் ஓடுவது எந்த மின்சாரம் என்று மணிக்கு மணி பார்ப்பது வேறொன்று. இரண்டாவதைச் செய்ய முனையத்துக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. ஓர் எம்.டெக். மாணவருக்கு அது நல்ல ஆய்வேடு.

வண்டிகள்

2025 செப்டம்பரில் நாவா சேவாவில் 50 கனரக மின்லாரிகள், பேட்டரி மாற்றும் நிலையத்தோடு களமிறங்கின. துறைமுகத்துக்குள் ஓடும் சுமார் 600 லாரிகளில் 90 விழுக்காட்டை 2026 டிசம்பருக்குள் மின்சாரத்துக்கு மாற்றுவது அறிவிக்கப்பட்ட இலக்கு. நாட்டிலேயே இந்த அளவில் இது புதிது.

இதற்கும் அதே தராசு. சுமையேற்றிய டிரெய்லர் லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் ஓடும் என்று கொள்வோம். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.68 கிலோ; ஆக கிலோமீட்டருக்கு 1.07 கிலோ கரியமில வாயு. மின்லாரி கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் எடுத்தால் மின்தொகுப்பின் சராசரிப்படி 1.09 கிலோ. ஓடும்போது இரண்டும் ஒன்றுதான்!

வித்தியாசம் நிற்கும்போது வருகிறது. டீசல் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நின்றால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் போகும். இரண்டரை என்று வைத்தால் 6.7 கிலோ கரியமில வாயு. ஆறு கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். மின்லாரி நின்றால் மோட்டார் எதுவும் குடிக்காது, ஏசிக்குக் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். முனையத்துக்குள் ஓடும் லாரியின் வாழ்க்கையில் பெரும்பகுதி கிரேனுக்குக் கீழே காத்து நிற்பது. ஆகவே உள்லாரிகளை மின்சாரத்துக்கு மாற்றுவது சரியான முடிவு. ஆனால் சரியாவதற்குக் காரணம் பேட்டரி மட்டும் இல்லை, காத்திருப்பும்தான்.

பேட்டரி மாற்று நிலையத்துக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு, அதை யாரும் போதுமான அளவு பேசவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உதிரி பேட்டரியை நண்பகல் வெயிலில் சார்ஜ் போடலாம். நேரடியாக பிளக்கில் நிற்கும் வண்டியால் அது முடியாது; ஷிஃப்ட் மாறும்போதுதான் செருக முடியும், அது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம் ஓங்கியிருக்கும் மாலை நேரம். எத்தனை உதிரி பேட்டரி, எந்த மணியில் சார்ஜ், எந்த மணியில் மாற்று என்பது ஒரு கணிதச் சிக்கல். நிலையத்தை நடத்துகிறவர் அதைத் தன் மின்கட்டணத்துக்கு ஏற்பத் தீர்ப்பார். கரிமத்துக்கு ஏற்பத் தீர்த்தால் விடை மாறுமா, எவ்வளவு மாறும் என்று பார்க்க வெளியாள் வேண்டும்.

கேட்டுக்கு வெளியே நிற்கும் லாரிகளை அந்த 600 லாரி இலக்கு தொடவே இல்லை. ஏற்றுமதிப் பெட்டிக்குக் கப்பல் வாரியாக, உள்ளே விடத் தொடங்கும் ‘கேட் ஓபன்’ நேரம் உண்டு, அதற்குமேல் எடுக்க மாட்டோம் என்னும் கட்-ஆஃப் உண்டு. நுழைவுச் சீட்டான ஃபார்ம் 13 கைக்கு வந்தால்தான் உள்ளே போக முடியும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவிவார்கள். இப்படி நின்ற ஒரு நாமக்கல் டிரைவரிடம், “நின்னுட்டுதானே இருக்குண்ணே, ஆஃப் பண்ணிடலாமே?” என்று கேட்டேன்.

“பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பத்தடி நவுரணுங்க சார். ஒவ்வொருக்காவும் ஆஃப் பண்ணி ஸ்டார்ட் போட்டா செல்ஃப் மோட்டாரு போயிருமுங்க. பிரேக்கு ஏரும் எறங்கிப்போயிரும். ஓனருக்கு நாந்தானுங்க பதில் சொல்லோணும்” என்றார்.

வண்டியை அணைக்கச் சொல்லும் விழிப்புணர்வுப் பலகையால் இது தீராது. வரிசை பத்தடி பத்தடியாக நகராமல், குறித்த நேரத்துக்கு வந்து நேராக உள்ளே போகிற ஏற்பாடு இருந்தால்தான் அவரால் சாவியைத் திருக முடியும். இன்னொன்று: முனையங்கள் பெருமையோடு வெளியிடும் லாரியின் ‘டர்ன் அரவுண்ட்’ நேரம் உள்கேட்டில் தொடங்கி வெளிகேட்டில் முடிகிறது. கேட்டுக்கு வெளியே நின்ற மணிநேரம் யார் கணக்கிலும் இல்லை. அந்த டீசலும் இல்லை.

பல்கலைக்கழகம் எங்கே நிற்கிறது

சும்மா சொல்லக்கூடாது, கூட்டு முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் நாவா சேவாவில் கடல்நீரின் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதைச் செய்துகொடுத்தது சென்னை ஐ.ஐ.டி.யின் சிவில் பொறியியல் துறை. வெப்பநிலை, அமில காரத் தன்மை, கரைந்த ஆக்சிஜன், உப்பு, கலங்கல் என்று எல்லாம் இடைவிடாமல் பதிவாகும். காற்றையும் இரைச்சலையும் அளக்க ஒரு மின்வாகனமும் அப்போதே வந்தது. 2023 ஏப்ரலில் அதே ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் துறைமுகம், நீர்வழி, கடற்கரைக்கான தேசியத் தொழில்நுட்ப மையம் திறக்கப்பட்டது. பசுமைத் துறைமுகத்துக்கான தேசியச் சிறப்பு மையத்தை மத்தியத் துறைமுக அமைச்சகம், எரிசக்தி ஆய்வு அமைப்பான டெரி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்துகிறது. தலைமையிடம் சென்னையில் உள்ள இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்துக்கு மும்பையிலும் நவி மும்பையிலும் வளாகங்கள் உண்டு. பொவாய் ஐ.ஐ.டி.யும் மாட்டுங்காவில் உள்ள வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியும் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரம்.

அந்தக் கடல்நீர் நிலையத்தின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஆலோசகர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவது போல் இல்லை. கருவி அங்கேயே இருக்கிறது, எண் வந்துகொண்டே இருக்கிறது. டீசலுக்கும் காத்திருப்புக்கும் அப்படி ஒரு நிலையம் இல்லை. தரவு இல்லாமலும் இல்லை. 2016இலிருந்தே நாவா சேவாவில் கன்டெய்னரில் ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு ஒட்டி, கேட்டையும் சுங்கச்சாவடியையும் கடக்கும் நேரத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. கப்பல் கட்டப்பட்ட ‘ஆல் ஃபாஸ்ட்’ நேரம் இருக்கிறது. யார்டு கிரேன் எஞ்சின் ஓடிய மணி, வண்டிவாரியாக ஊற்றிய டீசல், குளிர்பெட்டி செருகிய நேரம், பிடுங்கிய நேரம் எல்லாம் ஏதோ ஒரு கணினியில் கிடக்கிறது. ஐந்து முனையங்களும் போட்டியாளர்கள் என்பதால் ஒருவர் தரவை மற்றவர் பார்க்கக்கூடாது. ஆணையத்திடம் கொடுக்கவும் தயக்கம்; கட்டணமும் அபராதமும் அங்கேதானே முடிவாகின்றன. ஐந்து பேரும் நம்பிக் கொடுக்கக்கூடிய இடம், லாபநோக்கம் இல்லாத, நாளைக்கே டெண்டரில் போட்டி போடாத ஓர் இடமாக இருக்க வேண்டும். அது ஓர் ஆய்வுக்கூடம்தான். ஆனால் அதே ஆய்வுக்கூடம் கருவியும் விற்க ஆசைப்பட்டால் அந்த நம்பிக்கை போய்விடும். கணக்குப்பிள்ளை கடை போடக்கூடாது.

இதற்கு ஒரு முன்மாதிரி கலிஃபோர்னியாவில் இருக்கிறது, சற்று கசப்பான முன்மாதிரி. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் லாரி 30 நிமிடத்துக்கு மேல் எஞ்சின் ஓட நின்றால் முனையத்துக்கு 250 டாலர் அபராதம் என்று ஒரு மாநிலச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. லாரிகளுக்கு முன்பதிவு முறை வைத்தாலோ கேட் நேரத்தை நீட்டினாலோ அபராதத்திலிருந்து விலக்கு. முனையங்கள் முன்பதிவு வைத்தன. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த போக்குவரத்து ஆய்வு மையத்தினர் போய்ப் பார்த்தார்கள். பல முனையங்கள் விலக்குக்காகவே முன்பதிவு வைத்திருந்தன. முன்பதிவு செய்த லாரிக்குத் தனி வரிசையோ முன்னுரிமையோ பெரிதாக இல்லை. வரிசை குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2007இல் எழுதினார்கள். யாருக்கும் இனிக்காத முடிவு. ஆனால் முன்பதிவு எப்படி இருக்கக்கூடாது என்று இன்றைக்கு நமக்குத் தெரிவது அந்த வேலையால்தான். முனையமே அமர்த்திய ஆலோசகர் அதை எழுதியிருப்பாரா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

அதே துறைமுகங்கள் ஆண்டுதோறும் உமிழ்வுப் பட்டியல் வெளியிடுகின்றன. 2005ஐ அடிப்படையாக வைத்தால் டீசல் நுண்துகள் 80 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. கரியமில வாயு அந்த வேகத்தில் இறங்கவில்லை. கரை மின்சாரக் கணக்கில் பார்த்தது போல, நுரையீரலுக்கான வெற்றியும் காலநிலைக்கான வெற்றியும் இரண்டு தனி வரி. பட்டியல் ஆண்டுதோறும் வந்ததால்தான் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன.

நடைமுறைத் தடைகளில் ரகசிய ஒப்பந்தம், காப்புரிமைச் சண்டை எல்லாம் எங்கும் உள்ளவை, விடுங்கள். நாவா சேவாவுக்கே உரிய ஒரு சிக்கல் பருவம். எம்.டெக். மாணவரின் ஆய்வு ஜூலையில் தொடங்கும். களத்தில் அளக்கும் மாதங்கள் மழைக்காலத்தில் விழும். நாசிக் திராட்சை குளிர்பெட்டிகளில் வந்து குவிவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. அப்போது மாணவர் விடுதி அறையில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பார். ஒரு குளிர்பெட்டி மணிக்கு மூன்றரை யூனிட் இழுக்கும் என்று வைத்தால் ஆயிரம் பெட்டிக்கு 3.5 மெகாவாட், பெர்த்தில் நிற்கும் இரண்டு பெரிய கப்பலுக்கும் மேல். அந்த உச்சம் ஆய்வில் வரவே வராது. அட்டவணையைத் திராட்சைக்கு ஏற்ப மாற்றும் துறைத்தலைவர் ஒருவர் கிடைத்தால் போதும், செலவே இல்லாத சீர்திருத்தம்.

தூத்துக்குடியோடு ஒரு சின்ன ஒப்பீடு. வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கன மீட்டர் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் முன்னோட்ட ஆலை 3.87 கோடி ரூபாயில் தொடங்கியது. அது துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் ஒரு சார்ஜிங் நிலையத்துக்கும் போகிறது. 10 கன மீட்டர் என்றால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிகலத்தில் போட்டால் மணிக்கு 15 யூனிட் தேறலாம். மேலே சொன்ன கப்பலின் தேவையில் நூறில் ஒரு பங்கு. ஊரில் சிலர் இதைக் கேலி செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வால்வும் கசிவும் கையாளத் தெரிந்த பத்துப் பேர் உருவானாலே காசு திரும்பியது. அதே 3.87 கோடியை நாவா சேவாவில் கேட் வரிசைக்குச் செலவழித்தால் எத்தனை டன் குறையும் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் ஒப்பீடு இன்னும் ருசியாக இருந்திருக்கும்.

பழைய ஒப்பந்தங்களில் தரவு கொடுக்கும் கடமையை இப்போது நுழைப்பது கடினம். 30 ஆண்டுக் குத்தகையை நடுவில் திறந்தால் வேறு பேரங்களும் திறந்துகொள்ளும். ஆனால் இரண்டு கதவுகள் தாமாகவே திறக்கின்றன. நாவா சேவாவிலேயே உள்ள, நாட்டின் முதல் தனியார் கன்டெய்னர் முனையத்துக்கு 1997இல் கையெழுத்தான 30 ஆண்டு உரிமம் 2027இல் முடிகிறது. பால்கர் மாவட்டத்தில் 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்ட வாட்வண் துறைமுகத்தில், நாவா சேவா ஆணையத்துக்கு 74 விழுக்காடு பங்கு. அங்கே முனையங்களைக் குத்தகைக்கு விட்டாக வேண்டும். லாரி கேட்டுக்கு வெளியே வரிசையில் சேர்ந்த நேரம், வண்டிவாரி டீசல், மணிவாரி மின்சாரம் ஆகிய மூன்றையும் பெயர் நீக்கி ஒரு பல்கலைக்கழகக் கிடங்கில் மாதந்தோறும் போட வேண்டும், முடிவை ஆண்டுதோறும் வெளியிடும் உரிமை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே என்று அந்த இரண்டு ஒப்பந்தங்களிலும் ஒரு பத்தி சேர்த்தால் போதும். டெண்டர் ஆவணத்தில் அது அரைப் பக்கம்கூட வராது.